கை, நாக்கு, விரல்

காரைக்காலில் டீ குடிக்க உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் கப்பலில் போய் முடியும். அன்றைக்கு அது ரயிலில் ஆரம்பித்தது.

என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் பொருளாதாரம் படித்த தம்பி ஒருவன் பாரதியார் சாலை டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திருநள்ளாறு பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் ரயிலேறி வந்து இறங்கியிருக்கிறார்கள், கட்டட வேலையில் பீகார்க்காரர்கள், இதோ பாய்லருக்குப் பின்னால் நிற்பவரும் வடக்கத்தி ஆள்தான் என்று ஒரு கணக்குச் சொல்லிவிட்டு, "இப்படியே போனா இது யாரு ஊருன்னு சார் ஆகும்?" என்றான். அவன் மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய ஃபைல். என்னவென்று கேட்டேன். தாத்தாவின் பிரெஞ்சுக் காகிதங்களாம். பிரான்சுக்குப் போக வழி இருக்கிறதா என்று யாரிடமோ காட்டிவிட்டு வருகிறான்.

நான் சிரிக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளின் மடியில் இருப்பதுதான் இந்த ஊரின் இயல்பு. அவன் கேட்டதும் லேசான கேள்வி இல்லை. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் அதைக் கேட்டே வாக்குக் கேட்கிறார்கள். இரண்டு டீ சொன்னேன். ஒன்றில் சர்க்கரை கம்மி.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் இறைக்கிறோமே, அந்தக் கதையில் பாதி கப்பல் கதை என்று தொடங்கினேன். நாகப்பட்டினத்து வணிகன் மகன் பரமதத்தன், மாமனார் காரைக்காலில் வைத்துக்கொடுத்த வீட்டில் வாழ்ந்தவன். மாம்பழ அற்புதத்தைக் கண்டு மனைவி புனிதவதி மானுடப் பெண் இல்லை என்று அஞ்சியவன், வணிகம் என்று சொல்லிக் கப்பலேறினான். பொருள் சேர்த்துத் திரும்பியவன் இங்கே வரவில்லை. பாண்டி நாட்டில் ஒரு பட்டினத்தில் இறங்கி அங்கேயே இன்னொரு மணம் செய்துகொண்டான். பிறந்த பெண்ணுக்கும் புனிதவதி என்றே பெயர் வைத்தான். நம் ஊர் முஸ்லிம் தெருக்களில் வெளிநாடு போய்வருகிறவரைச் சபுராளி என்பார்கள். அந்தக் கணக்கில் காரைக்காலின் முதல் சபுராளி பரமதத்தன்தான். பக்தர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு அந்தக் கதையில் மனத்தில் நிற்பது, விட்டுப் போனவன் போன இடத்தில் குழந்தைக்கு வைத்த பெயர்.

ஒரு மனிதன் ஒரு நாட்டுக்குள் ஒரேயடியாக நுழைவதில்லை, தம்பி. முதலில் அவன் கை நுழைகிறது. வேலைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் கேட்பது அதைத்தான். அடுத்து நாக்கு. அவன் சமைப்பது, பேசுவது, சாமி கும்பிடுவது எல்லாம் மெள்ளக் கலக்கும். கடைசியாக விரல், அதாவது மை வைக்கிற விரல். கைக்கு நாள் கணக்குப் போதும். நாக்குக்கு ஒரு தலைமுறை. விரலுக்குச் சில நாடுகளில் எழுபது வருஷம் ஆகியிருக்கிறது. சண்டை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

"எழுபது வருஷம்னா?" என்றான்.

பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் காரைக்காலைப் பிடித்தார்கள். 1848-ல் தங்கள் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். விடுதலையான கறுப்பின மக்கள் பழைய எஜமானின் கரும்புத் தோட்டத்தில் பழைய மாதிரி உழைக்க மறுத்தார்கள், யார்தான் உழைப்பார்கள்? தோட்ட முதலாளிகளுக்குக் கை தேவைப்பட்டது. அது புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறியது. பிரெஞ்சு எல்லைக்குள் ஆள் போதாதபோது, பிரிட்டிஷார் வசமிருந்த தஞ்சை ஜில்லாக் கிராமங்களில் ஆசை காட்டியும் ஏமாற்றியும் ஆள் பிடித்து, எல்லை தாண்டிக் காரைக்காலுக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷார் முறுக்கிக்கொண்டார்கள். பிறகு 1860-லும் 1861-லும் இரண்டு அரசுகளும் உடன்படிக்கை போட்டு அதையே முறைப்படுத்திக்கொண்டன. ஐந்து வருஷ ஒப்பந்தம். ரீயூனியன் தீவுக்கு ஒரு லட்சத்துக்கு மேல், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். நமது இரண்டு லட்சம் பேர் கொண்ட மாவட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

'ஒரேலி' என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், குவாதலூப்பில் முதல் தொகுதியை இறக்கியது. கை வந்து சேர்ந்தது. உள்ளூர்க் கறுப்பினத் தொழிலாளிகள் அவர்களை வெறுத்தார்கள். அதில் வியக்க ஒன்றும் இல்லை. இவர்கள் கூலிபேரம் பேசத் தொடங்கிய நேரம் பார்த்து, அந்தப் பேரத்தை உடைக்கத்தான் அவர்கள் இறக்கப்பட்டார்கள். வந்தவனுக்கும் அது தெரியாது. இருவருக்கும் நடுவில் இருந்த தோட்ட முதலாளிக்குத் தெரியும்.

நாக்கின் வேலை அதற்குப் பிறகு. இன்றைக்குக் குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் விருந்தென்றால் 'கொலொம்போ' என்று ஒரு கறி வைப்பார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு எல்லாம் அரைத்த பொடி. பெயர் குழம்பிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, கொழும்பு நகரத்தின் பெயர் என்பாரும் உண்டு. அந்த வழக்கைத் தமிழாசிரியர்களிடம் விட்டுவிடுவோம். வெறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைத் தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று சொல்லிக்கொள்கிறார்கள். ரீயூனியனில் இவர்களின் வழித்தோன்றல்களை 'மல்பார்' என்கிறார்கள், போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்களாக இருந்தும். காவடியும் தீமிதியும் அங்கே ஊர்த் திருவிழா.

விரல்? அங்கேதான் ஹென்றி சிதம்பரம் வருகிறார். 1863-ல் குவாதலூப்பின் கப்பெஸ்தேர் ஊரில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். இந்தியர்களின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று நிர்வாகம் நின்றது. நீங்கள் பிரிட்டிஷ் பிரஜைகளின் பிள்ளைகள் என்பது அவர்கள் வாதம். நாங்கள் பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்கள் என்பது இவர் வாதம். 1904-ல் தொடங்கிய வழக்கு. 1923-ல்தான் பாரிஸ் இறங்கிவந்தது. கப்பல் வந்த ஆண்டிலிருந்து எண்ணிப் பார்.

தம்பி விரல் விட்டு எண்ணினான். "அறுபத்தொம்பது."

அந்த அறுபத்தொன்பது ஆண்டும் கரும்பு வெட்டுவது மட்டும் நிற்கவில்லை. வாக்கில்லாதவன் ஊரில் இருந்தால் அவனுக்காகப் பேச எந்த அரசியல்வாதிக்கும் அவசியம் இல்லை; அவனுக்கு எதிராகப் பேசினாலும் நஷ்டம் இல்லை. குடியேற்றம் அரசியலை மாற்றுவது இப்படித்தான். வந்தவன் வாக்குப் போட்டு மாற்றுவது பிற்பாடு. வாக்கில்லாமல் நிற்கும்போதே அவன் மற்றவர்களின் அரசியலை மாற்றிவிடுகிறான்.

கொடுத்த விரலைப் பிடுங்கிய கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து இலங்கை மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் 1931-லிருந்து வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள், மற்ற தொகுதிகளில் இடதுசாரிகளுக்குப் பலம் சேர்த்தார்கள். அதுவே வினையாயிற்று. 1948-ன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. தேயிலை பறிக்கும் கையை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். பங்காளிகள் பாத்திரம் பண்டம் பிரிப்பதுபோல் அந்தப் பிரிவினை இருந்ததாக எனக்குத் தோன்றும். நாடற்றவர் என்று யாரும் இல்லாமல் செய்ய இலங்கை 2003-ல் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

டீ வந்தது. கொண்டுவந்தவர் எந்த கிளாஸில் சர்க்கரை கம்மி என்று கேட்காமலே சரியாக என் பக்கம் வைத்தார்.

"அப்ப வந்தவுடனே வாக்கைக் கொடுத்துட்டா சரியாப் போயிடுமா சார்?" தம்பி விடவில்லை. நல்ல மாணவன் எப்போதும் ஆசிரியரின் சூத்திரத்தில்தான் கை வைப்பான்.

சரியாகப் போகாது. அதற்கும் சாட்சி நம் ஊர்க்காரர்கள்தான். 1881-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஓர் ஆணை போட்டார்கள். தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக்கொடுத்து, ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டால், பிரெஞ்சுக்காரனுக்குள்ள உரிமைகளைக் கேட்கலாம். அப்படி எழுதிக்கொடுத்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள், துறந்தவர்கள். ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அது திறந்த கதவு. அவர்களில் பலர் சைகோனுக்குப் போனார்கள், வரி வசூல், போலீஸ், காவல், குமாஸ்தா வேலைகளுக்கு. அங்கே, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த தென் வியட்நாமான கொச்சின்சீனாவிலிருந்து பாரிஸுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் உண்டு. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போன இந்த ஆளுக்கு வாக்கு இருந்தது. அந்த மண்ணில் பிறந்த வியட்நாமிய விவசாயிக்கு இல்லை.

யோசித்துப் பார். நேற்று வந்தவன் வரி வாங்குகிறான், வாக்கும் போடுகிறான். ஊர்க்காரன் வரியை மட்டும் கட்டுகிறான். வாக்குக்காக நம்மவர்களை அங்கிருந்த வெள்ளை அரசியல்வாதிகள் தாஜா செய்தார்கள், வெள்ளைப் பத்திரிகைகள் திட்டின, வியட்நாமியர்கள் மனத்தில் வைத்துக்கொண்டார்கள். விரல் முந்திப்போய், அதை ஊர்க்காரனுக்கு மறுத்துவிட்டு இவனுக்குக் கொடுத்ததனால் வந்த கசப்பு அது. எண்ணிக்கை ஒன்றும் பெரிது இல்லை, சில ஆயிரம் பேர்தான். அதனால்தான் 'எத்தனை பேர் வந்தார்கள்' என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. எந்த நிலையில் வைக்கப்பட்டார்கள், யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தம்பி ஃபைலைப் பிரித்து ஒரு மடிப்பு விட்ட தாளைக் காட்டினான். அதில் இருந்த தேதி 1962-ஐத் தாண்டியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

1954 அக்டோபர் 18-ல் புதுச்சேரிப் பக்கம் கீழூரில் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். அதற்காக இந்தியாவும் பிரான்ஸும் போட்ட உடன்படிக்கையில் ஒரு விதி இருந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசிக்கும் பிரெஞ்சுப் பிரஜைகள் எல்லோரும் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். ஐயாயிரம் பேர் அளவில்தான் எழுதிக்கொடுத்தார்கள். மற்றவர்கள், சிலர் தேசப்பற்றால், சிலர் யோசித்து முடிப்பதற்குள் ஆறு மாதம் ஓடியதால், பலர் அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாததால், இந்தியரானார்கள். தகப்பன் எழுதிக்கொடுத்தால் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் பிரெஞ்சுக்காரர்கள்.

"எங்க தாத்தா எழுதிக்கொடுத்தாரா இல்லையான்னுதான் சார் இப்ப தகராறே," என்றான் தம்பி. தாத்தாவின் தம்பி எழுதிக்கொடுத்துவிட்டார், அது உறுதி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா அவர். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பிறந்தவர்கள் பாரிஸ் ஓரத்தில் வீடு வாங்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் பிறந்தவர்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பர்மிட் வாங்கிப் போய்வருகிறார்கள். ஒரே ரத்தம், ஒரே கிணறு.

ஒரு நாட்டின் குடியுரிமைச் சட்டம் இன்னொரு நாட்டின் கல்யாணச் சந்தையை எப்படி ஆட்டும் என்பதைப் பார்க்க இங்கே ஒரு நடை நடந்தால் போதும். 'நேஷனாலிட்டி உள்ள பெண்' என்று வரன் பேசுவார்கள், நகைக் கணக்கே மாறிவிடும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் காரைக்கால் முழுக்கப் பார்க்கலாம்; வருஷத்துக்கு ஒரு மாதம் ஜன்னல் திறக்கும். 2022-ல் பிரான்ஸின் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குக் காரைக்காலிலும் வாக்குச்சாவடி போட்டார்கள். மக்ரோனா, குடியேறிகளைக் கட்டுப்படுத்துவேன் என்ற மரீன் லெ பென்னா என்பது போட்டி. பிரான்ஸுக்குள் யார் வரலாம் என்பதற்கு அரசலாற்றுக் கரையில் நின்றும் வாக்களித்தார்கள். இதைச் சொன்னால் வெளியூர் நண்பர்கள் நம்புவதில்லை.

இப்போது உன் நடவுக்கு வருவோம் என்றேன்.

வங்கத்து ஆட்கள் ஏன் வந்தார்கள்? நீங்கள் போனதால். சபுராளி அனுப்பிய பணம் முதலில் ஓட்டை மாற்றி மெத்தை வீடு கட்டியது. கோடாலித் தைலமும் சென்ட் பாட்டிலும் பெட்டியில் வந்த காலம் அது. பிறகு பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பியது. படித்த பிள்ளை சேற்றில் இறங்காது. நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். நூறு நாள் வேலையும் வந்தது. அதில் நான் மகிழ்கிறேன். இந்த டெல்டாவில் கூலி கேட்டதற்காக என்னென்ன நடந்தது என்பதை, கூலி விவசாயிகள் குடும்பத்தோடு எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி சொல்லும். ஆக, இங்கே கை குறைந்தது. ஒரு பக்கம் ஆள் வெளியேறும் ஊருக்குத்தான் இன்னொரு பக்கம் ஆள் வந்து சேர்கிறார்கள். கேரளத்தில் இது முன்பே நடந்தது. 2015-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலிருந்து மட்டும் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். அவ்வளவு பேரை அனுப்பிவிட்டு வாசலை மட்டும் சாத்திவைக்க முடியாது.

"ஆனா நடவுக்கு வர்ற பொம்பளைங்களுக்கு வேலை போச்சே சார்?"

போயிற்று. இதை மழுப்ப மாட்டேன். ஏக்கர் கணக்கில் மொத்தமாகப் பேசிக்கொண்டு, கயிறு பிடித்து, ஆண்களே கூட்டமாக இறங்கி முடிக்கிறார்கள். நிலக்காரருக்கு லாபம். அரிசி வாங்குகிற எனக்கும் மறைமுகமாக லாபம். இழப்பு, வேறு வேலைக்குப் போக முடியாத நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களுக்கு. பொருளாதாரக்காரர்கள் இதைப் பற்றி முப்பது வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். 1980-ல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையில் வந்து இறங்கினார்கள், பலர் மயாமியில் தங்கினார்கள். அந்த ஊர்க் கூலி பெரிதாகக் குறையவில்லை என்று டேவிட் கார்ட் 1990-ல் எழுதினார். பிற்பாடு நோபல் பரிசும் பெற்றார். பள்ளிப்படிப்பு முடிக்காதவர்களின் கூலியைத் தனியாகப் பிரித்துப் பார், அது விழுந்திருக்கிறது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னால் மறுத்தார். அவரே கியூபாவில் பிறந்து அகதியாக வந்தவர். யார் சரி என்பது இன்னும் முடியவில்லை. எனக்கு இருவரும் இரண்டு வேறு ஆட்களைப் பார்க்கிறார்கள் என்று படுகிறது. ஊர் மொத்தத்துக்கும் கணக்குக் கூட்டினால் வரவு நிற்கும். அந்த வரவில் ஒரு பங்கை நடவுப் பெண்ணுக்கு யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. கொடுக்காததற்குக் கோபப்பட வேண்டிய முகவரி வேறே. வங்கத்து ஆளின் முகவரி சுலபமாகக் கிடைக்கிறது, வரப்பில் நிற்கிறான்.

வளைகுடாவில் இந்தச் சிக்கலே இல்லை என்பார்கள் சிலர். உண்மைதான், ஒரு வகையில். ஐக்கிய அரபு அமீரகத்தில் பத்துப் பேரில் ஒருவர்தான் குடிமகன். கை மட்டும் வரலாம். விசா முடிந்தால் கையும் கிளம்ப வேண்டும். நம் தெரு ஆட்கள் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஒரு பெட்டியோடு திரும்புகிறார்கள். ஜெர்மனியும் அப்படித்தான் நினைத்தது. 1961-ல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு, வேலை முடிந்ததும் போய்விடுவார்கள் என்று விருந்தாளித் தொழிலாளி என்றே பெயர் வைத்தது. அவர்கள் கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். அங்கே பிறந்த பிள்ளை அங்கத்துக் குடிமகனாகலாம் என்று சட்டம் மாற 2000 ஆகிவிட்டது.

"இவங்க இந்தியாக்காரங்கதானே சார். வாக்கு இருக்கே?"

இருக்கிறது, ஊரில். வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்கும் என்பது 1950-ன் சட்டம். இங்கே மாற்றிக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் திருநள்ளாறு, நாலு மாதம் கேரளம், மிச்சம் ஊர் என்று இருக்கிறவன் எந்த முகவரியைக் காட்டுவான்? 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம், இருக்கிற இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்குப் போடத்தக்க, 72 தொகுதிகள் வரை கையாளும் ஒரு இயந்திரத்தைக் கட்சிகளுக்குக் காட்டக் கூட்டம் போட்டது. எதிர்க்கட்சிகள் சந்தேகப்பட்டன, அது அப்படியே நின்றுபோயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ரயிலேறினார்கள். பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பிப் பார்த்தது, தமிழ்நாட்டு அரசு இந்தியில் அறிக்கை விட்டது. ஏன் அவ்வளவு பதற்றம்? இங்கே தொழிற்சாலைகளுக்குக் கை வேண்டும், அங்கே கட்சிகளுக்கு விரல் வேண்டும். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தது.

தம்பி தாளை மடித்து உறைக்குள் வைத்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, காசு வாங்க வந்த டீ மாஸ்டரிடம், தனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையைக் கோர்த்து, போன தேர்தலுக்கு ஊருக்குப் போனீர்களா என்று கேட்டான்.

"போகல அண்ணே," என்றார் அவர் தமிழில். "ரெண்டு நாள் ரயில். போயிட்டு வந்தா பத்து நாள் கூலி போயிடும்." பிறகு என் கிளாஸைப் பார்த்து, "சாருக்குச் சர்க்கரை சரியா இருந்துச்சா?" என்றார்.

இருந்தது என்றேன். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு பாய்லர் பக்கம் போனார்.